வான்மதியும் வையகமும்

'திங்கள்' என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் பல. வானில் உலவும் மதியும் திங்களே. முப்பது நாள் கொண்ட மாதமும் திங்களே. வளர்ந்து நிறைந்து தேய்ந்து மறையும் மதியைக் கொண்டே நம் முன்னோர் காலத்தை அளந்தனர் என்பதற்கு இவ்வொரு சொல்லே சான்றாகும். முழுமதி எந்த விண்மீனை ஒட்டி நிற்கின்றதோ, அவ்விண்மீனின் பெயரையே மாதத்திற்கும் இட்டு வழங்கினர். சித்திரை, கார்த்திகை ஆகிய பெயர்கள் அவ்வாறு வந்தவை. வைகாசி விசாகமும் தைப்பூசமும் மாசி மகமும் பங்குனி உத்திரமும் அத்தொடர்பை இன்றும் நமக்கு நினைவூட்டுகின்றன. நிறைமதி நாளை வெள்ளுவா என்றும், மதி மறைந்த நாளைக் காருவா என்றும் கூறுவது பழைய வழக்கு.

இம்மரபு ஏட்டளவில் நின்றுவிடாமல் மக்கள் வாழ்வில் விளங்கும் ஊர்களுள் திருவண்ணாமலை தலையாயது. திங்கள்தோறும் நிறைமதி நாளில் இலட்சக்கணக்கான மக்கள் இவ்வூரில் திரண்டு, அண்ணாமலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் வழி நடந்து வலம் வருகின்றனர். கோயிலினின்று புறப்படுவோர் செங்கம் சாலை வழியே இரமணாசிரமத்தைக் கடந்து, மலையைத் தம் வலப்பக்கத்தில் வைத்து நடப்பர். உழவரும் வணிகரும், முதியவரும் இளைஞரும், உள்நாட்டாரும் பிறநாட்டாரும் ஒரே வழியில் ஒரே திசையில் செல்வர். கார்த்திகைத் திங்களில் நிறைமதியை ஒட்டி மலையுச்சியில் ஏற்றப்படும் தீபத்தைக் காண வருவோர் தொகை இன்னும் பெரிது. இவர்களை எல்லாம் குறித்த நாளில் அழைப்பது வானத்து மதியே.

நடக்கும் வழிக்கு ஒளி தருவதும், திருவிழாவிற்கு நாள் குறிப்பதும் மட்டுந்தாமா மதியின் பணி? அஃது இல்லையாயின் இவ்வுலகம் எவ்வாறு இருக்கும்? மனிதர் இன்று மதிக்குக் கலங்களை அனுப்புகின்றனர். நாளை அங்கே சுரங்கம் தோண்டவும் எண்ணுகின்றனர். அதனால் விளையக்கூடிய தீங்கு யாது? இவ்வினாக்களை ஆராய்வது நம் கடமையாகும்.

மதியின் இயல்பு

புவிக்கும் மதிக்கும் இடையே உள்ள சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர். மதியின் விட்டம் 3,474 கிலோமீட்டர். அதாவது புவியின் விட்டத்தில் கால் பங்கினும் சிறிது மிகுதி. புவியின் பொருண்மையை எண்பத்தொரு கூறு செய்தால் அவற்றுள் ஒரு கூறே மதியின் பொருண்மை. இதனைச் சிறிதென்று கருதுதல் வேண்டா. செவ்வாய்க் கோளுக்குத் துணைக்கோள்கள் இரண்டு உண்டு; அவற்றுள் பெரியது முப்பது கிலோமீட்டர் அகலமும் இல்லாதது. அதனோடு ஒப்பிட, நம் புவி பெற்றுள்ள துணை மிகப் பெரிது.

ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, புவி இளமையோடு இருந்த காலத்தில், செவ்வாயின் அளவுடைய வேறொரு கோள் அதன்மீது மோதியது என்றும், அம்மோதலில் சிதறிய பொருள்கள் ஒன்றுதிரண்டு மதியாயின என்றும் அறிஞர் பலர் கருதுகின்றனர். அங்ஙனமாயின், மதி வேற்றுப்பொருள் அன்று. புவியோடு உடன்பிறந்ததே ஆகும்.

ஓதம்

மதியின் ஈர்ப்பு விசையைக் கடலிலே தெளிவாகக் காணலாம். மதியை நோக்கிய பக்கத்தில் உள்ள நீர், புவியின் நடுப்பகுதியைக் காட்டிலும் மதிக்கு அணித்தாக இருக்கின்றது. ஆதலின் மிகுதியாக ஈர்க்கப்பட்டுப் பொங்குகின்றது. மறுபக்கத்து நீரோ குறைவாக ஈர்க்கப்படுவதால் பின்தங்கி நின்று, அதுவும் மேடாகின்றது. இவ்விரு மேடுகளுக்கு இடையே புவி சுழல்வதால், பெரும்பாலான கடற்கரைகளில் நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறுவதும் இருமுறை வற்றுவதும் நிகழ்கின்றன. இதனையே ஓதம் என்பர். கதிரவனும் கடலை ஈர்ப்பதுண்டு. ஆயினும் அதன் பங்கு மதியின் பங்கில் பாதியும் இல்லை. வெள்ளுவாவிலும் காருவாவிலும் கதிரவன், புவி, மதி ஆகிய மூன்றும் ஒரு நேர்க்கோட்டை ஒட்டி நிற்றலின் இருவிசையும் கூடி ஓதம் பெருகும். எட்டாம் பிறையை ஒட்டிய நாள்களில் அவை ஒன்றையொன்று குறைத்தலின் ஓதம் சிறுகும்.

தமிழ்நாட்டுக் கரையில் ஓதத்தின் ஏற்றம் சிறியதே. குசராத்து மாநிலத்தின் காம்பே வளைகுடாவிலோ அது பத்து மீட்டருக்கும் மேலாக உயர்கின்றது. சிறிதாயினும் பெரிதாயினும் அதன் பயன் பெரிது. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் உள்ள அலையாத்திக் காடுகள், ஓதத்தால் ஏறியிறங்கும் உவர்நீரால் வாழ்கின்றன. அக்காடுகளின் வேர்களிடையே மீனும் இறாலும் நண்டும் குஞ்சு பொரித்து வளர்கின்றன. பவளங்கள் பல, முழுமதியை அடுத்த இரவுகளிலே ஒருங்கே முட்டையிடுகின்றன. மதியின் ஒளியும் ஓதத்தின் முறையும் அவ்வுயிர்களுக்கு நாள்காட்டியாய் உள்ளன.

கடலில்லாத திருவண்ணாமலைக்கு ஓதத்தோடு என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். வியப்பான விடை ஒன்று உண்டு. மதி நீரை மட்டும் ஈர்ப்பதில்லை, நிலத்தையும் ஈர்க்கின்றது. மதியும் கதிரவனும் ஈர்க்கும் ஈர்ப்பினால் திண்ணிய நிலமும் நாள்தோறும் ஏறத்தாழ ஓரடி அளவு உயர்ந்து தாழ்கின்றது. சுற்றியுள்ள நிலப்பரப்பு முழுதும் ஒருசேர உயர்வதால் நம் கண்ணுக்கு அது புலனாவதில்லை. நுண்ணிய கருவிகளே அதனை அளந்து காட்டுகின்றன. மதியின் ஒளியில் மக்கள் வலம் வரும் மலையும், அம்மதியின் ஈர்ப்புக்கு உட்பட்டு நிலத்தோடு ஏறி இறங்குகின்றது. 'மலைபோல் அசையாதவன்' என்று நாம் கூறும் மலையும் மதிக்கு அசைகின்றது!

நாளும் பருவமும்

ஓதத்தால் கடல்நீர் தரையோடு உராய்வதால் புவியின் சுழற்சி மெல்ல மெல்லத் தளர்கின்றது. நாளின் அளவு நூறாண்டுகளுக்கு ஒருமுறை, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஏறத்தாழ இரு பங்கு நீள்கின்றது. மிகச் சிறிய அளவே எனினும், கோடிக்கணக்கான ஆண்டுகளில் அது பெருகிவிடும். பவளங்கள் நாள்தோறும் மெல்லிய வரை ஒன்றை இட்டு வளர்வன. ஏறத்தாழ நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து கல்லாகிவிட்ட பவளங்களின் வரைகளை எண்ணிய வெல்ஸ் என்னும் அறிஞர், அக்காலத்தில் ஓராண்டுக்கு 400 நாள்கள் இருந்தன என்று 1963-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். ஆண்டின் அளவு மாறவில்லை. நாளே அன்று குறுகியிருந்தது.

புவி இழக்கும் சுழற்சியை மதி பெற்று விலகிச் செல்கின்றது. 1969-ஆம் ஆண்டு மதியில் இறங்கிய அமெரிக்க வீரர்கள் அங்கே கண்ணாடித் தொகுதி ஒன்றை வைத்து வந்தனர். புவியிலிருந்து விடுக்கும் லேசர் ஒளி அதில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிட்டு, மதி ஆண்டுதோறும் 3.8 சென்டிமீட்டர் விலகுகின்றது என்று கண்டுள்ளனர். இஃது இயற்கையாக நிகழ்வது. நாம் அஞ்ச வேண்டுவது அன்று.

மதி செய்யும் மற்றோர் உதவி பருவங்களைப் பற்றியது. புவியின் அச்சு ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்துள்ளது. அச்சாய்வே கோடையும் மழையும் பனியும் முறையாக வருவதற்குக் காரணம். பிற கோள்களின் ஈர்ப்பு இச்சாய்வை அலைக்க முயலும்போது, மதியின் பெரிய ஈர்ப்பு அதனைத் தாங்கி நிறுத்துகின்றது. மதி இல்லையாயின் அச்சு நிலையின்றிப் பெரிதும் சாய்ந்துவிடக்கூடும் என்று பிரான்சு நாட்டு அறிஞர் இலஸ்கர் முதலியோர் 1993-இல் கணக்கிட்டுக் கூறினர். பின்வந்த ஆய்வாளர் சிலர் அம்மாற்றம் அத்துணை விரைவாக நேராது என்பர். எனினும், அச்சின் சாய்வு ஓரிரு பாகையே மாறுமாறு இன்று அமைந்திருப்பது மதியின் துணையால்தான் என்பதில் ஐயமில்லை. தக்க துணை இல்லாத செவ்வாயின் அச்சு நெடுங்காலத்தில் பல பாகை அலைந்துள்ளது.

அழியாத ஏடு

இதுகாறும் கூறியவை மதி புவிக்குச் செய்யும் உதவிகள். அறிவுக்கு அது செய்யும் உதவி வேறு.

உதகமண்டலத்தை அடுத்த மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கி ஒன்று 1970-ஆம் ஆண்டு முதல் இயங்குகின்றது. அதனை அமைத்தவர் கோவிந்த் சுவரூப் என்னும் வானியல் அறிஞர். வானொலி அலைகளை வீசும் தொலைதூர விண்பொருள்களை மதி மறைக்கும் நேரத்தையும், அவை மீண்டும் வெளிப்படும் நேரத்தையும் குறித்து, அவற்றின் இடத்தையும் வடிவத்தையும் அறிவதே அதன் முதல் நோக்கமாக இருந்தது. மதியே அங்கு அளவுகோல் ஆயிற்று.

இதனினும் சிறந்தது ஒன்று உண்டு. மதியில் காற்றும் இல்லை, மழையும் இல்லை, ஓடும் ஆறும் இல்லை. புவியின் பழம்பாறைகளை மழையும் வெயிலும் அரித்துவிட்டன. நிலவியல் மாற்றங்கள் புதைத்துவிட்டன. மதியிலோ பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த விண்கல்லின் வடு இன்றும் வடுவாகவே உள்ளது. நம் புவியும் இளமையில் எத்தகைய அடிகளைப் பட்டது என்பதை அறிய, மதியின் முகமே நமக்கு ஏடு. அவ்வேட்டின் எழுத்து ஒருமுறை அழியின், அதனைத் திரும்ப எழுதுவார் இல்லை.

நம் நாட்டின் பயணம்

நம் நாடு 2008-ஆம் ஆண்டு சந்திரயான் என்னும் கலத்தை மதிக்கு அனுப்பியது. கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த மயில்சாமி அண்ணாதுரை அதன் திட்ட இயக்குநர். மதியில் நீரின் கூறு உண்டு என்பதற்கு அக்கலத்திலிருந்த கருவி தந்த சான்று 2009-இல் வெளியாகி உலகை வியக்கச் செய்தது. பின்வந்த கலங்களின் இறக்கத்தைப் புவியிலேயே ஒத்திகை பார்க்க, நாமக்கல்லை அடுத்த சித்தம்பூண்டியில் கிடைக்கும் பாறை பொடிசெய்து பயன்படுத்தப்பட்டது. மதியின் மேட்டுநிலப் பாறையின் இனத்தைச் சேர்ந்தது அப்பாறை.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் மாலையில் சந்திரயான்-3 கலத்தின் விக்ரம் என்னும் இறங்குகலம் மதியின் தென்துருவத்தை அண்டிய பகுதியில் மெல்ல இறங்கியது. திருவண்ணாமலையை அடுத்துள்ள விழுப்புரத்தில் பிறந்த வீரமுத்துவேல் அதன் திட்ட இயக்குநர். நம் அண்டையூர்ப் பள்ளிகளில் பயிலும் சிறுவரும் சிறுமியரும் நாளை இத்துறையில் தலைமை ஏற்கக்கூடும் என்பதற்கு இது சான்று. ஆகவேதான் மதியைப் பற்றிய பொறுப்பும் உங்களுடையதாகின்றது.

எது அச்சம், எது உண்மை?

மதியைத் தோண்டினால் அதன் எடை குறைந்து ஓதம் கெடும் என்று சிலர் அஞ்சுவர். இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு ஒரு கோடி டன் வீதம் மதியின் மண்ணை அள்ளி அகற்றுவதாகக் கொள்வோம். இவ்வாறு ஓயாமல் அள்ளினாலும் மதியின் எடையில் நூற்றில் ஒரு பங்கு குறைய, ஏறத்தாழ இருபது கோடி ஆண்டுகள் ஆகும். எனவே, மதியை நகர்த்தவும் குறைக்கவும் மனிதனால் இயலாது. ஓதமும் பருவமும் நம் கைக்கு எட்டாத காவலில் உள்ளன.

அங்ஙனமாயின் அஞ்சுதற்கு ஒன்றும் இல்லையோ? உண்டு. மதியின் உடலை நாம் அசைக்க முடியாது. அதன் முகத்தை நாம் சிதைக்க முடியும்.

விக்ரம் கலம் இறங்கியபோது அதன் பொறியினின்று வெளிப்பட்ட வளிமத்தின் வேகத்தால் ஏறத்தாழ 2.06 டன் புழுதி, 108 சதுர மீட்டர் பரப்பில் சிதறிப் பரவியது என்று இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமே அளந்து கூறியது. மெல்ல இறங்கிய ஒரு சிறு கலத்தின் விளைவு இது! பெருங்கலங்கள் பல இறங்கும் காலத்தில் என்ன நேரும்? அதற்கும் சான்று உண்டு. 1967-இல் மதியில் இறங்கிய சர்வேயர்-3 என்னும் கலத்திலிருந்து இருநூறு மீட்டருக்கும் குறைந்த தொலைவில் 1969-ஆம் ஆண்டு நவம்பரில் அப்போலோ-12 இறங்கியது. வீரர்கள் பழைய கலத்தின் சில உறுப்புகளைக் கழற்றிப் புவிக்குக் கொணர்ந்தனர். தம் கலம் எழுப்பிய புழுதி அவ்வுறுப்புகளை உப்புத்தாள் இட்டுத் தேய்த்ததுபோல் தேய்த்திருந்தது. காற்றில்லாத இடத்தில் புழுதியைத் தடுப்பார் யார்? அது நெடுந்தொலைவு பறந்து சென்று தாக்கும்.

தென்துருவத்திலும் வடதுருவத்திலும் கதிரவன் ஒளி ஒருபோதும் படாத பள்ளங்கள் உள்ளன. அங்கே குளிர் சுழியத்திற்குக் கீழே இருநூறு பாகைக்கும் மேல். நீர் எங்கிருந்து வந்தது என்னும் வரலாற்றைக் கூறவல்ல பழம்பனி அங்கு உறைந்துள்ளது. கலங்கள் விடும் ஆவி அப்பள்ளங்களில் சென்று படியக்கூடும் என்று கணக்கீடுகள் காட்டுகின்றன. அவ்வாறு கலந்துவிட்டபின், எது பழம்பனி, எது நம் கலத்தின் ஆவி என்று பிரித்தறிவது அரிதாகும். மதியின் மறுபக்கமோ புவியின் வானொலி இரைச்சல் எட்டாத அமைதியான இடம். விண்ணின் மெல்லிய வானொலி அலைகளைக் கேட்க அதனினும் தக்க இடம் அண்மையில் இல்லை. அங்கும் கருவிகள் பெருகின் அவ்வமைதி கெடும்.

2019-ஆம் ஆண்டு ஏப்ரலில் இசுரேல் நாட்டுக் கலம் ஒன்று மதியில் மோதி உடைந்தது. அதனுள், நீர்க்கரடி எனப்படும் நுண்ணுயிர்கள் பல ஆயிரம் உலர்ந்த நிலையில் வைக்கப்பட்டிருந்தன என்பது பின்னரே உலகுக்குத் தெரிய வந்தது. யார் இசைவும் பெறாமல் நிகழ்ந்த செயல் அது. மதியைச் சுற்றும் பாதைகளிலும் நெருக்கம் தோன்றியுள்ளது. 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் நம் சந்திரயான்-2 கலமும் அமெரிக்கக் கலமும் நெருங்கிவர இருந்தமையால், நம்மவர் தம் கலத்தின் பாதையை முன்னரே மாற்றி மோதலைத் தவிர்த்தனர்.

இவை எல்லாம் அறியாமையாலும் விரைவாலும் நேர்வன. செருக்கினால் எண்ணப்பட்டதும் ஒன்று உண்டு. வல்லரசுகள் இரண்டும் ஒன்றையொன்று மிஞ்ச முயன்ற காலத்தில், 1958-இல், தன் வலிமையை உலகம் காணுமாறு மதியில் அணுகுண்டை வெடிக்கலாமா என்று அமெரிக்க வான்படை மறைவாக ஆராய்ந்தது. நற்பேறாக அவ்வெண்ணம் கைவிடப்பட்டது.

மலை கற்பிக்கும் பாடம்

இங்கு அண்ணாமலையை மீண்டும் நோக்குவோம். சென்ற நூற்றாண்டில் இம்மலை, மரங்கள் வெட்டுண்டும் தீயால் கருகியும் பெரும்பகுதி மொட்டைப் பாறையாய் நின்றது. மலையைப் போற்றிய மக்கள் நடுவிலேயே இது நிகழ்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது. 1980-களின் பிற்பகுதி முதல் தொண்டர் பலர் வனத்துறையோடு சேர்ந்து மரக்கன்றுகளை நட்டனர். தீத்தடுப்புப் பாதை அமைத்தனர். நட்டவை கருகியபோது மீண்டும் நட்டனர். மழை பெய்தது, வேர் பிடித்தது, பறவைகள் விதை கொணர்ந்தன. இன்று இரமணாசிரமத்தின் பின்புறச் சரிவில் நிழலைக் காண்கின்றோம்.

மலை நம் பிழையைப் பொறுத்தது. எதனால்? அதற்கு மழை உண்டு, மண் உண்டு, உயிர் உண்டு. மதிக்கு இம்மூன்றும் இல்லை. 1969-இல் அங்குப் பதிந்த அடிச்சுவடு இன்றும் பதிந்தபடியே உள்ளது. இன்னும் பல இலட்சம் ஆண்டுகள் நிலைக்கும் என்பர். நற்சுவடு நிலைப்பது போலவே தீச்சுவடும் நிலைக்கும். திருத்திக்கொள்ள இடமில்லாத இடத்தில் திருந்தச் செய்தலே அறிவுடைமை.

பொதுப்பொருள்

மதி எவருக்கு உரியது? 1967-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விண்வெளி உடன்படிக்கை, எந்த நாடும் மதியைத் தனக்கே உரியதென்று கொள்ளலாகாது என விதித்தது. நம் நாடும் அதனை ஏற்றுள்ளது. மதியின் வளம் மனித இனத்தின் பொதுச்செல்வம் என்று 1979-இல் எழுதப்பட்ட மற்றோர் உடன்படிக்கையிலோ மிகச்சில நாடுகளே முழுதும் இணைந்தன. நம் நாடு கையொப்பமிட்டதோடு நின்றது. தோண்டி எடுத்த பொருள் எடுத்தவர்க்கே உரியது என்று அமெரிக்கா 2015-இல் சட்டம் இயற்றியது. பிற நாடுகள் சிலவும் அவ்வழியைப் பின்பற்றின. நெறிகள் சிலவற்றைக் கூறும் ஆர்ட்டெமிசு இணக்கத்தில் இந்தியா 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சேர்ந்தது. எங்கே தோண்டலாம், எந்தப் பள்ளத்தைத் தொடலாகாது என்று எல்லாரையும் கட்டுப்படுத்தும் சட்டம் இன்னும் தோன்றவில்லை. பழஞ்சின்னங்களைக் காக்கும் உலக நினைவுச்சின்ன நிதியம், 2025-ஆம் ஆண்டு வெளியிட்ட இடர்மிக்க இடங்களின் பட்டியலில் மதியையும் சேர்த்தது.

ஊரின் நடுவே உள்ள பொதுக்குளத்தை எண்ணிப் பாருங்கள். அதில் நீர் முகக்க எல்லார்க்கும் உரிமை உண்டு; கலக்க எவர்க்கும் உரிமை இல்லை. அக்குளத்து நீதியே மதிக்கும் பொருந்தும். மதிக்குச் செல்லவே வேண்டா என்பது நம் கருத்தன்று. சென்றதனாலன்றோ நீரின் கூற்றை அறிந்தோம்! மதியின் மண்ணைக் கொணர்வதற்கு நம் நாடும் சந்திரயான்-4 என்னும் திட்டத்தை 2024-இல் ஏற்றுள்ளது. செல்லுதல் வேண்டும், அளந்து அடிவைத்தல் வேண்டும், எடுப்பதற்கு முன் எழுதிக்கொள்ளல் வேண்டும், பின்வருவார்க்கும் சில பள்ளங்களைத் தொடாமல் விட்டுவைத்தல் வேண்டும்.

நிறைமதி நாளில் மலைவலம் வருவோர் மலையைச் சுற்றி நடக்கின்றனர். தமக்கென்று மலையைப் பெயர்த்துச் செல்வாரில்லை. உயர்ந்த பொருளை அணுகும் முறை அதுவே. மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை மதிக்குக் கலம் செலுத்தலாம். சிலர் அதற்குரிய சட்டம் வகுக்கலாம். ஏனையோர் அச்சட்டம் வேண்டுமென்று குரல் எழுப்பலாம். இவருள் எவராயினும், வான்மதி வையகத்தார் எல்லார்க்கும் பொது என்பதையும், இனிப் பிறப்பாரும் அதற்கு உரியர் என்பதையும் நெஞ்சிற் கொள்ளுங்கள்.